மச்சான் சுட்ட இறைச்சி

எங்கள் மச்சானுக்கு நெருப்பு மூட்டத் தெரியாது. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. ஏனென்றால் கல்முனைக்குடியில் இன்றைக்கும் எங்கள் வளவு விருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அந்த மருதமுனை மாப்புள சுட்ட இறைச்சியா? இன்னும் நாக்குல நிக்கிது" என்றுதான் சொல்கிறார்கள். குழி வெட்டியது நான். கரி பிடித்தது நான். புகையில் கண் பழுத்தது எனக்கு. அவர் பக்கத்தில் நின்றார். நிற்பதில் அவரை மிஞ்ச இந்தக் கரையோரத்தில் ஆளில்லை.

பார்வைக்கு நல்ல ஆள்தான், பொய் சொல்லக்கூடாது. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. சொந்தத் தறியில் நெய்த சாரன், அதன் கரையில் ஒரு நூல் பிசகியிருக்காது. சுருள் முடி. மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. அந்த மூக்கைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு குறை அகப்படவில்லை. ஆகவே அந்த மூக்கை நான் கவனமாக வைத்திருந்தேன்.

ராத்தாவை, என் மூத்தவளை, நிக்காஹ் செய்து எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை எங்கே முடிக்கிறானோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நான் ஏறி விழுந்து பல்லுடைத்த மாமரத்தின் கீழே இன்னொருவர் சாய்கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்பதைப் பார்ப்பது வேறு. உம்மா முட்டை பொரித்தால் பெரிய பாதி எனக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் வந்த மறுநாள் முழு முட்டையும் அவர் சோற்றுக் கோப்பைக்குப் போனது. அவர் அதைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவார். தள்ளிவிட்ட முட்டையில் என்ன ருசி இருக்கும்?

அவருக்கு ஒரு பேச்சு உண்டு. என்ன நல்லது நடந்தாலும், யார் பாராட்ட வந்தாலும், கையை லேசாக விரித்துச் சொல்வார்: "எனக்கென்ன தெரியும், தம்பிட்டக் கேளுங்க."

கேட்டால் நல்ல பேச்சு. அது எனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்கிறேன். எங்கள் கிணற்றுத் துலா முறிந்து கிடந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான், எனக்குப் புத்தகம்தான் ஓடாது, கை ஓடும். காட்டுக்குப் போய்க் கம்பு வெட்டி வந்து, சீவி, கட்டி, ஏற்றி முடித்தேன். அடுத்த வளவுச் சாச்சி தண்ணீர் அள்ள வந்தவ, துலாவை இழுத்துப் பார்த்துவிட்டு மச்சானைப் பார்த்தா.

"துலா பூப்போல இறங்குதே. மாப்புளட வேலயா?"

"எனக்கென்ன தெரியும், தம்பிட்டக் கேளுங்க. எல்லாம் அவன்ட கைதான்."

சாச்சி என்னைப் பார்க்கவேயில்லை. வீட்டுக்குள் போய் உம்மாவிடம் சொன்னா: "என்ன பணிவு புள்ள. செய்ததெல்லாம் செய்துபோட்டு, அந்தக் குரங்குக்குப் பேர எடுத்துக் குடுக்கார்."

இப்படியே போனது. அவர் மறுக்க மறுக்க எல்லாம் அவருக்கே போய்ச் சேர்ந்தது. அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்குப் பாதியாவது கிடைத்திருக்கும்.

அவரைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் வீடுகளில் மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை. நேரே கதைப்பதுமில்லை. உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால், அவர் விறாந்தையில். நடுவில் தூது போகிறவன் நான். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோக வேண்டும் என்று என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

ஒருநாள் உம்மா குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "மச்சானுக்கு ஆணம் காணுமாண்டு கேட்டு வா" என்றா. நான் விறாந்தைக்குப் போய், "மச்சான், ஆணத்தில புளி எப்பிடியாம்? மறைக்காமச் செல்லட்டாம்" என்றேன்.

"எங்கட உம்மா ஆக்கினாலும் இப்பிடி வராதெண்டு செல்லுங்க தம்பி."

இதை நான் எப்படிக் கொண்டுபோவது? குசினிக்கு வந்து, "புளி கூடிப் போச்சாம்" என்றேன். உம்மா முகம் சுருங்கும் என்று பார்த்தால் மலர்ந்தது.

"பாத்தியா, சொந்தப் புள்ள மாதிரி பிழயையும் செல்றார். உன்ட வாப்பா இத்தின வருஷத்தில ஒரு நாள் வாய் துறந்திரிப்பாரா?"

அன்றைக்கு இரண்டாம் முறையும் அவருக்கு ஆணம் போனது.

இனி விருந்துக்கு வருகிறேன். சிறுபோகம் வெட்டி நெல் வீட்டுக்கு வந்ததும் வாப்பா ஆண்டுதோறும் ஒரு நாம்பன் மாடு அறுப்பார். வயலில் காவலுக்குப் போடும் குடிலை நாங்கள் வாடி என்போம். வாடியில் படுப்பவர்கள் இறைச்சியைப் பச்சைக் கம்பில் கோத்துச் சுட்டுத் தின்பார்கள். அந்தச் சாப்பாட்டை வீட்டு வளவுக்குக் கொண்டுவந்தவர் வாப்பா. சொந்தக்காரர், வயல்காரர், அயலார் எல்லோரும் வருவார்கள். ஆனால் நினைத்த நாளில் செய்ய முடியாது. கச்சான் காற்று மேற்கேயிருந்து சுடச்சுட வீசுகிற மாதங்களில் வளவில் நெருப்பு மூட்ட எவருக்கும் துணிவு வராது. வேலி தென்னோலைக் கிடுகு, கூரையும் கிடுகு, ஒரு பொறி போதும். கச்சான் அடங்கி, மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். தென்னோலை அசையாமல் நிற்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.

நெருப்படி நாலு வருஷமாக என் பொறுப்பு. போன வருஷம் நான் சுட்டதில் ஒரு பொதி நிந்தவூருக்கு, உம்மாவின் காக்கா வீட்டுக்குப் போனது. எனக்கு அவர் மாமா. மாமாவுக்கு ஒரு மகள். அவள், "இது ஆரு சுட்டது?" என்று கேட்டாளாம். ராத்தா வந்து சொன்னாள். ஒரு பெண் கேட்ட மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு வருஷம் உயிர் வாழலாம், நான் வாழ்ந்தேன்.

இந்த வருஷம் மாமாவே வருகிறார் என்று உம்மா சொன்னா. எதற்கென்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எங்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கேட்பதற்கு முன் ஒருதரம் வந்து பார்த்துப் போவார்கள். பையன் வீடு கொண்டுநடத்துவானா, நாலு பேரை வைத்து வேலை வாங்குவானா என்று. எனக்குக் காட்டுவதற்கு இருந்தது நெருப்படி ஒன்றுதான். படிப்பைக் காட்ட முடியாது. முகத்தைக் காட்டுவது அதைவிட ஆபத்து.

கச்சான் அடங்கிய அன்று வாப்பா எங்களைக் கூப்பிட்டார்.

"இந்த முற நெருப்படி மச்சான்ட பொறுப்பு. நீ கூடமாட நில்."

"வாப்பா, அவருக்குக் கொள்ளியப் புடிக்கவே தெரியாதே."

"மருதமுனையால அவங்கட ஆக்களும் வாறாங்க. மருமகன் சும்மா குந்தியிருந்தா நம்மளுக்கு மரியாதயா?"

மச்சான் கையை விரித்தார். "மாமா, எனக்கென்ன தெரியும், தம்பிட்டக் கேளுங்க."

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடா? இப்பிடி ஒருத்தன் பணிஞ்சி கதைக்கிறானா நம்மட வீட்டில?"

அதோடு என் கதை முடிந்தது.

ஆயத்தம் தொடங்கியது. நான் குழி வெட்டினேன். ஆள் நீளத்துக்கு இரண்டு, முழங்கால் ஆழம். சிரட்டை சேர்த்தேன். முதிரைக் கட்டை பிளந்தேன். மச்சான் கடற்கரைக்குப் போய்வந்தார். பின்னால் கரைவலைக்காரர் நாலு பேர் ஒரு பழைய தோணிப் பாய்ச்சீலையைச் சுமந்து வந்து மாமரத்துக்கும் தென்னைக்கும் இழுத்துக் கட்டினார்கள். வளவு முழுக்க நிழல். நான் போன வருஷம் இதே சீலையைக் கேட்டு, இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்தவன்.

"எப்பிடி மச்சான் தந்தாங்க?"

"நான் கேக்கல்ல தம்பி. வெயிலெண்டு சும்மா கதைச்சன்."

பள்ளிவாசலில் இருந்து சகன்களும் அப்படியே வந்தன. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுகள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் தூக்கவில்லை. தூக்க ஆட்கள் சண்டை பிடித்தார்கள்.

விருந்தன்று காலை வாப்பா என்னைத் தயிருக்கு அனுப்பினார். மேற்கே வயல் வட்டைக்கு அப்பால் எருமைகள் அடைக்கும் பட்டி. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க முட்டி முட்டியாகத் தயிர் வேண்டும். மாட்டுக் கரத்தையில் போய், ஏற்றி, கவிழாமல் மெல்ல ஓட்டி நான் திரும்பும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உம்மா பின்வேலியில் நின்றா. முக்காடு நெற்றிக்கு இறங்கியிருந்தது.

"மகன், எல்லாம் போச்சிடா. உன்ட மச்சான் இறைச்சிக்கி உப்புப் போட்டுட்டார்."

"போட்டா என்ன?"

"நான் மசாலவோட ராவே போட்டுத்தானே வெச்சிரிக்கன். அவங்கட ஊரில நெருப்படியிலதான் போடுறாம். நான் கிடுகு ஓட்டையால பாக்கன், கை கையா அள்ளிப் போடுறார். நான் இருமினன். அவர் அங்கால திரும்பினார். அகப்பையால சட்டியில தட்டினன். மாமி வெளிய வாறாவாக்கும் எண்டு நினைச்சி, மரியாதைக்கு முதுகக் காட்டித்து நிண்டு போடுறார். நான் இரும இரும அவர் இன்னும் தள்ளிப் போய்ப் போடுறார்."

"உப்புப் போட்டாச்சி எண்டு வாயால செல்ல ஏலாதா?"

"மருமகனுக்கு நேர வாய் துறக்கச் செல்றியா? உனக்கென்ன விசரா?"

"ராத்தா எங்க?"

"கிணத்தடில சகன் கழுவுறா. கூட்டி வாறத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சி."

ஒரு துண்டை எடுத்துக் குசினி அடுப்பில் காட்டி வாயில் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீரைக் கடித்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பெருநாளும் தந்ததில்லை. சாச்சி வாயில் வைக்கட்டும், வாப்பா வைக்கட்டும், ஊரே துப்பட்டும். அப்போது கேட்கலாம், இது ஆரு சுட்டது என்று.

முன்வாசலில் கரத்தை மணி கேட்டது. உம்மா எட்டிப் பார்த்து, "காக்கா வந்துட்டார்" என்றா.

அதோடு சந்தோஷம் செத்தது. இறைச்சி நன்றாக வந்தால் அது மச்சானின் இறைச்சி. கெட்டுப்போனால் அது எங்கள் வீட்டு இறைச்சி. உப்புப் போடத் தெரியாத வீட்டில் மாப்பிள்ளை எடுக்க நிந்தவூரில் யாருக்கு என்ன அவதி?

"உம்மா, அண்டாவில தண்ணி நிரப்பச் செல்லுங்க. இறைச்சியக் கழுவிப் பிழிவம். பொறகு தயிரில போடுவம். தயிர் உப்ப இழுக்கும்."

"அவருக்குத் தெரியப்படாது மகன். புது மாப்புள, முகம் கறுத்துப் போகும்."

என் முகத்தைப் பற்றி உம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. சரி என்று நெருப்படிக்குப் போனேன். மச்சான் புகைக்கு மூக்கைக் கொடுத்துக்கொண்டு, அணைந்த கரியை விசிறியால் மரியாதையாக விசிறிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வாப்பா கூப்பிடுறார். நிந்தவூர் மாமா வந்திரிக்கார், கூட்டி வந்து இருத்தட்டாம்."

போனார். என் புத்தியை என்ன சொல்வது? அவரை நெருப்படியிலிருந்து விலக்க நினைத்து, நேரே மாமாவின் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நான் முழங்கை வரை தயிரும் மஞ்சளுமாக வயல்காரரோடு இறைச்சி பிழிந்துகொண்டிருக்க, அங்கே அவர் மாமாவின் செருப்பை எடுத்து நிழலில் வைத்தார், இளநீர் சீவச் சொன்னார், மாமாவின் முழங்கால் வலியைக் கேட்டார். ராத்தா வந்து சொல்லச் சொல்ல எனக்குள் எரிந்ததில் இன்னொரு நாம்பனைச் சுட்டிருக்கலாம்.

கரி நன்றாகப் பிடித்தது. தயிரில் கிடந்த இறைச்சி நெருப்பில் பட்டதும் வந்த வாசத்துக்கு, வேலிக்கு வெளியே போனவர்கள் நின்று போனார்கள். நடுப்பகல் லுஹர் தொழுது வந்தவர்கள் பாய்ச்சீலைக்குக் கீழே சகன் சகனாக இருந்தார்கள். மாமா, வாப்பா, மச்சான் ஒரு சகனில். அடுத்த சகனில் மச்சானின் தம்பி. வாத்தியார்ப் படிப்பு முடித்தவன், வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான். அவனுக்கு மூக்கும் அளவாக இருந்தது.

மாமா ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். நான் கொள்ளியோடு நின்று பார்த்தேன்.

"மச்சான்" என்று வாப்பாவைக் கூப்பிட்டார், "இப்பிடி ஒரு இறைச்சி நான் தின்னல்ல. ஆரு சுட்டது?"

வாப்பா மருமகனைக் காட்டினார். மச்சான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். தயிர் நாக்கில் பட்டதும் ஒருதரம் என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த வெறும் தயிர்முட்டிகளைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

"மாமா, நான் ரெண்டாந்தரம் உப்புப் போட்டுக் கெடுத்துட்டன். தம்பிதான் எனக்குத் தெரியாமக் கழுவி, தயிர் போட்டுக் காப்பாத்தியிரிக்கான். இது முழுக்க அவன்ட இறைச்சி."

வளவே கேட்கச் சொன்னார். ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை. என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இத்தின பேருக்கு முன்னால தன்ட பிழையச் செல்ற மனிசன் ஆரு இரிக்கான் இந்தக் காலத்தில? என்ன வளப்பு. என்ன வளப்பு."

சாப்பாடு முடிந்தது. நான் செம்பும் சட்டியுமாக மாமாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மாமா கையை நீட்டியபடி மச்சானிடம் கேட்டார்.

"மாப்புள, உங்களுக்குத் தம்பிமார் ஆரும் இரிக்காங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாப்பா தாடியைத் தடவுவதை நிறுத்தினார். குசினிக் கிடுகுக்குப் பின்னால் உம்மாவின் வளையல் சத்தமும் நின்றது. அடுத்த சகனில் வெள்ளைச் சேட்டுக்காரன் நிமிர்ந்து இருந்தான். நிந்தவூரில் வீடு, வளவு, வயல். எந்தக் காக்காவும் தன் தம்பிக்குக் கேளாமல் விட்டுவிடக்கூடியதல்ல.

"ரெண்டு பேர் மாமா" என்றார் மச்சான். "ஒருத்தன் அந்தா இரிக்கான், படிச்சவன், அவனுக்குக் கேட்டு நாலு வீட்டால வந்தாச்சி. மற்றவன் உங்கட கைக்குத் தண்ணி ஊத்துறான். வாய் கொஞ்சம் கூட. கை அதவிடக் கூட."

மாமா என்னை முதல்முறையாக மேலிருந்து கீழே பார்த்தார். கரி முகம், தயிர்க் கை.

"மெய்தானாடா?"

ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவன் செய்ததைக் கேளுங்கள். செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் மாமாவின் சாரனில் ஊற்றினேன். மாமா சிரித்தார்.

மழை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்தார்கள். நான் நிந்தவூருக்கு மாப்பிள்ளையாகப் போனேன். போன புதிதில் ஒருநாள் பெண்டாட்டியிடம் குழியிலிருந்து தயிர் வரை முழுக் கதையையும் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். முடித்ததும் கண் கலங்கிச் சொன்னாள்: "உங்களுக்காண்டி அத்தின பேருக்கு முன்னால தன்ட பிழைய ஒத்துக்கொண்டாரா உங்கட மச்சான்?"

போன வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். மாமா பள்ளிவாசலால் வரும்போதே பேரோடு வந்தார். அவளுக்கும் அந்தப் பேர்தான் பிடித்தது. கல்முனைக்குடியில் உம்மா கேட்டுவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாவாம். மச்சான் ஒருவர்தான் ஆள் அனுப்பியிருந்தார், புள்ளட வாப்பா அவன், அவன்ட விருப்பத்தக் கேட்டு வைங்க என்று. அந்தச் சொல் வந்த பிறகு வீட்டில் வேறு பேரைப் பற்றி நான் வாய் திறக்க வழியிருந்ததா?

இங்கே மச்சானின் பேரை நான் எழுதாததற்குக் காரணம் அதுதான். விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை அந்தப் பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் கொஞ்சிக் கொஞ்சி.